ஒயினுக்காக நிறுத்திய மாத்திரை

மொட்டைமாடி (சென்னை):

எட்டு மாதத்தில் மூன்றாவது முறை. அதனால்தான் கூச்சத்தை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

வெள்ளைப்படுதல் என்றால் நம் வீடுகளில் "உடம்புச் சூடு, இளநீர் குடி, வெந்தயம் ஊறப்போட்டுச் சாப்பிடு" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு வந்தது அந்த ரகம் இல்லை. மாதவிலக்கு முடிந்த மறுநாள் நீர்த்துப்போன, சாம்பல் நிறக் கசிவு. கூடவே மீன் கழுவிய தண்ணீரின் வாடை. அரிப்பு கிடையாது, எரிச்சல் கிடையாது. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிப் பெண் மூக்கைச் சொறிந்தால்கூட எனக்குக் கை கால் சில்லிட்டுவிடும். பாக்டீரியல் வஜினோசிஸ் (பெண்ணுறுப்பில் நல்ல கிருமி குறைந்து மற்றக் கிருமிகள் பெருகுவது) என்ற பெயரே எனக்கு அப்போது தெரியாது.

இரண்டாம் முறை நான் செய்த காரியத்தைத்தான் சொல்ல வந்தேன். மருத்துவர் மெட்ரோநிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை, 400 மில்லிகிராம், எழுதினார். காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள். கடைக்காரர் பதினைந்து மாத்திரை அட்டையின் ஓரத்தில் ஒன்றைக் கத்தரித்து வைத்துக்கொண்டு பதினான்கைக் கொடுத்தார். இதைச் சாப்பிடும்போது மது கூடாது என்று யாரும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் அந்தக் கேள்வியே தோன்றாது போலிருக்கிறது. நானாகத் தேடிப் படித்தேன். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். மருந்தை முடித்த பிறகும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும் என்று ஓரிடத்தில், மூன்று நாள் என்று இன்னோரிடத்தில்.

ஆறாம் நாள் மாலை புதுச்சேரியில் கல்லூரித் தோழியின் திருமண விருந்து. ஏழு வருடம் கழித்து எல்லோரும் கூடுகிறோம். கணக்குப் போட்டேன். மூன்றாம் நாள் இரவோடு மாத்திரையை நிறுத்திவிட்டால் விருந்துக்குள் ஏறக்குறைய மூன்று நாள் ஆகிவிடும். வாடையும் இரண்டாம் நாளே போயிருந்தது. என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்! கடற்கரைக் காற்றில் இரண்டு கோப்பை சிவப்பு ஒயின் குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. மீதி எட்டு மாத்திரையும் கைப்பையின் உள்ளறையிலேயே கிடந்தன. அடுத்த மாதவிலக்கு முடிந்த கையோடு வாடை திரும்பி வந்தது.

மூன்றாம் முறை வேறொரு மருத்துவரிடம் போனேன். முன்பு பார்த்த இருவரும் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சீட்டு எழுதியவர்கள். இவர் படுக்கச் சொல்லிப் பரிசோதித்தார். சிறு மஞ்சள் காகிதத்தில் கசிவைத் தொட்டுவைத்ததும் அது பச்சைக்குத் திரும்பியது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.5-க்குள் இருக்க வேண்டுமாம், எனக்கு அதைத் தாண்டியிருந்தது. பிறகு கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அவ்வளவுதான், அந்த வாடை எழுந்து என் மூக்குக்கே வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழாதீர்கள், இந்த வாடை வந்ததில் என் சந்தேகம் பாதி தீர்ந்தது" என்றபடி அவர் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தார்.

ஒயின் கதையையும் சொன்னேன். "குடித்ததற்கு நான் திட்டப்போவதில்லை. எட்டு மாத்திரையை விட்டதற்குத் திட்டுவேன்" என்றார்.

உங்களில் யாருக்காவது இப்படி விட்டு விட்டு வந்திருக்கிறதா? மருந்தோடு குடித்தவர்களும் எழுதுங்கள். இங்கே யாரும் ஒழுக்கப் பாடம் எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

காவிரிக்கரை (கும்பகோணம்):

"நீங்கள் மது அருந்துவீர்களா?" என்று கேட்ட மருத்துவரிடம் ரோஷத்தோடு "எங்கள் குடும்பத்தில் அந்த வழக்கமே இல்லை" என்று பதில் சொன்னவள் நான். அதே வாரம் மெட்ரோநிடசோலோடு காலையிலும் இரவிலும் குடித்துக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? அசோகாரிஷ்டம்! வெள்ளைப்படுதலுக்கு அதைவிடக் கைகண்ட மருந்து இல்லை என்பது என் மாமியாரின் கட்சி. எவர்சில்வர் டம்ளரில் இரண்டு மூடி அரிஷ்டம், அதே அளவு வெந்நீர். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

நான்காம் நாள் காலை வாந்தி. வாயெல்லாம் செப்புக்காசு சப்பியது போல ஒரு ருசி. மாமியார் முகத்தில் ஒரே பூரிப்பு. "நாள் தள்ளிப்போயிருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுக்கப் போய்விட்டார். அன்று மாலைதான் புட்டியைத் திருப்பிப் படித்தேன். பொடி எழுத்தில் "தானாக உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம்" என்று போட்டிருந்தது. பீரிலும் ஏறக்குறைய அவ்வளவுதானே? நான் அன்றுவரை குடிகாரி என்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

மருந்துச்சீட்டு (மதுரை):

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். காவிரிக்கரை அம்மா, இரண்டு மூடி அரிஷ்டத்தில் இருப்பது ஒன்றிரண்டு மில்லி ஆல்கஹால்தான். வாந்தியும் வாயில் உலோக ருசியும் மெட்ரோநிடசோல் தனியாகவே செய்யும் வேலை. வெறும் வயிற்றில் போட்டீர்களோ என்னவோ. ஆனாலும் அரிஷ்டம், டானிக், இருமல் மருந்து எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அதை நாம் மருந்தாகவே எண்ணுவதில்லை, கஷாயம் என்று விட்டுவிடுகிறோம்.

மது விவகாரத்துக்கு வருகிறேன். குடியை நிறுத்தவைக்கக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்து, ஆல்கஹால் உடம்பில் உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடை வெளியேறவிடாமல் தேக்கிவைக்கும். அதனால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, மனிதன் துவண்டுபோவான். மெட்ரோநிடசோலும் அப்படித்தான் செய்யும் என்று நாங்கள் படித்தோம், ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லியும் அனுப்பினோம். 2002-இல் பின்லாந்தில் 12 ஆரோக்கியமான ஆண்களில் பாதிப் பேருக்கு ஐந்து நாள் இந்த மாத்திரையும் மீதிப் பேருக்குப் போலி மாத்திரையும் கொடுத்து, பிறகு ஆல்கஹாலும் கொடுத்துப் பார்த்தார்கள். அசிட்டால்டிஹைடு ஏறவில்லை, வாந்தியும் இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறையில், மெட்ரோநிடசோலுக்காக மதுவைத் தவிர்க்கத் தேவையில்லை என்றே எழுதிவிட்டது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளிலோ பழைய எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. பன்னிரண்டு பேர் சிறிய எண்ணிக்கை. அத்தனை பேரும் ஆண்கள். அதனால் என்னைக் கேட்டால் "அந்த ஏழு நாள் வேண்டாமே" என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் மாத்திரை, விருந்து இரண்டில் ஒன்றைத்தான் விட வேண்டும் என்றால் விருந்தில் எலுமிச்சைச் சாறு குடியுங்கள். அதுவும் முடியாதென்றால் ஒயினைக் குடித்துவிட்டாவது மாத்திரையை விழுங்கியிருக்க வேண்டும், மொட்டைமாடி.

இன்னொன்று. எங்கள் பால்வினை நோய்ப் பிரிவில் பச்சை நிறப் பொட்டலம் ஒன்று உண்டு. செக்னிடசோல் 2 கிராமும் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராமும் இருக்கும். ஆய்வகம் இல்லாத இடத்தில் பாக்டீரியா, பூஞ்சை இரண்டுக்கும் சேர்த்துக் கொடுப்பது. இலவசம்தான். ஆனால் மூன்று முறை திரும்பி வந்தவர்களுக்குப் பொட்டலம் போதாது, பரிசோதனை வேண்டும்.

பெயர்வேண்டாம்:

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். "இல்லை" என்றதும் பேனாவை எடுத்துவிட்டார். பரிசோதனையும் இல்லை, வேறு கேள்வியும் இல்லை. பூஞ்சைக்கான மாத்திரையை இரண்டு மாதம் விழுங்கினேன். பூஞ்சை என்றால் அரிக்கும், தயிர்த்திப்பி போல இருக்கும் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. எனக்கு இருந்தது வாடை மட்டும். அந்தப் பயத்தில் வாசனை திரவம் வாங்கி உள்ளே வரைக்கும் கழுவித் தள்ளினேன். கழுவக் கழுவ அதிகமானது.

யாரா நதி (மெல்பர்ன்):

தங்கை, உள்ளே கழுவுவதை இன்றே நிறுத்துங்கள். அங்கே குடியிருக்க வேண்டிய லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல கிருமிதான் அமிலத்தைச் சுரந்து மற்றக் கிருமிகளை அடக்கி வைத்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் கழுவி விடுகிறோம்.

எனக்கு இரண்டு வருடத்தில் ஐந்து முறை வந்தது. ஒவ்வொரு முறையும் மாத்திரையை ஒழுங்காக முடித்தேன். மது பக்கமே போகவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப வரும். என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2025 மார்ச்சில் நான் இருக்கும் இதே ஊர் ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 164 தம்பதிகள். ஒரு பிரிவில் பெண்ணுக்கு மட்டும் மருந்து. மறு பிரிவில் கணவருக்கும் ஏழு நாள் மெட்ரோநிடசோல் 400 மில்லிகிராம் இரு வேளை, கூடவே உறுப்பில் தடவ 2 சதவீத கிளிண்டமைசின் களிம்பு. 12 வாரத்துக்குள், பெண்ணுக்கு மட்டும் கொடுத்த பிரிவில் 63 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. இருவருக்கும் கொடுத்த பிரிவில் 35 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு பளிச்சென்று இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

செய்தியைப் படித்துக்காட்டியபோது என் கணவர் முதலில் சொன்னது, "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே?" ஆண்களுக்கு அறிகுறியே தெரியாது, கிருமி மட்டும் தங்கியிருக்கும் என்று மருத்துவர் விளக்கிய பிறகும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று அவருக்குக் கோபம். மூன்றாம் நாள் குளியலறையில் களிம்பின் மூடி திறந்திருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஏழு நாளும் உறவு கூடாது. அந்தக் களிம்பு ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நொய்யல்:

காப்பர்-டி போட்டிருப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதைப் போட்டவர்களுக்கு இது சற்று அதிகமாக வருவதுண்டு. நான் எடுத்துவிட்டேன். இப்போது வரவில்லை. அதனால்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

மொட்டைமாடி (சென்னை):

எல்லோருக்கும் நன்றி. மதுரை அம்மா சொன்ன ஒயின் வாக்கியத்தை மட்டும் மூன்று முறை படித்தேன்.

எனக்கு இப்போது ஏழு நாள் மாத்திரை முழுதாக முடிந்துவிட்டது. அதற்கு மேல் வாரம் இரண்டு இரவு உள்ளே வைக்கும் ஜெல், பதினாறு வாரம் வரை. செவ்வாய், வெள்ளி என்று நாட்காட்டியில் சிறு புள்ளி வைக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு விரதமா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். நேற்று இருபத்திரண்டாவது புள்ளி. மாதவிலக்கு இரண்டு முறை வந்து போய்விட்டது, வாடை வரவில்லை.

யாரா நதி அக்கா, உங்கள் செய்தியை என் கணவருக்கு அனுப்பினேன். நீல அடையாளம் விழுந்து நான்கு மணி நேரம் ஆகிறது. பதில் இல்லை.