ஏசி என்ற இரண்டெழுத்து

மின்சாரம் கொடுத்தால் திறந்து தண்ணீர் விடும் சொலினாய்டு வால்வு ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள சமூகத் தோட்டத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கத்தரிக்கும் வெண்டைக்கும் சொட்டுநீர்க் குழாய் போட்டு, அதில் ஒரு வால்வு மாட்டினேன். வீட்டில் பழைய பிரிண்டரின் 24 வோல்ட் அடாப்டர் சும்மா கிடந்தது. வால்விலும் 24 வோல்ட் என்றுதான் அச்சடித்திருந்தது. இணைத்தவுடன் தண்ணீர் ஜோராக வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து வால்வின் காயிலை, அதாவது அதன் கம்பிச்சுருளை, தொட்டவன் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டேன். வார்னிஷ் கருகும் வாடை வேறு. பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்த அடாப்டரும் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது.

பழியை அடாப்டர்மேல் போட்டேன். பெரிய ஒன்றாக வாங்கி மாட்டியதும் அடாப்டரின் சூடு குறைந்தது. காயில் மட்டும் அதே கொதிப்பு. காசு போனதுதான் மிச்சம்.

சனிக்கிழமை வால்வையே கழற்றி எடுத்துக்கொண்டு மின்னணுச் சாமான் கடைகள் இருக்கும் சிம் லிம் டவருக்குப் போனேன். கடையில் இருந்த சீனப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, லேபிளில் வோல்ட்டுக்கு அடுத்திருந்த இரண்டு எழுத்துகளின் கீழே நகத்தால் கோடு கிழித்துக் காட்டினார். ஏசி, திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். என் அடாப்டர் தருவதோ டிசி, ஒரே திசையில் பாய்வது.

மல்டிமீட்டரில் பார்த்தபோது ஆறிய காயிலின் தடை 26 ஓம். டிசிக்குக் குறுக்கே நிற்பது அது மட்டும்தான், 0.9 ஆம்பியர் பாய்ந்து, 22 வாட்டும் வெப்பமாகிறது. ஏசியில் காயிலின் தூண்டலும் (மாறும் மின்னோட்டத்தை எதிர்க்கும் அதன் காந்தக் குணம்) சேர்ந்து தடுப்பதால் லேபிளில் இருந்த 0.25 ஆம்பியரோடு அடங்கிவிடும். பழைய அடாப்டரில் மறுபடி ஓடவிட்டு, சூட்டோடு அளந்தேன்: 33 ஓம். செம்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 விழுக்காடு ஏறும் என்பதால், எழுபது டிகிரி ஏறியிருக்கிறது. நம் ஊர் வெயிலையும் கூட்டினால் நூறு!

பிளக்கிலேயே செருகும் 24 வோல்ட் ஏசி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினேன். இப்போது வெதுவெதுப்புதான்.

— — —

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். ஏசி வால்வுக்கு ஏசியே கொடுத்தும் நான் சூடு பட்டிருக்கிறேன். துவாஸில் வேலை செய்யுமிடத்தில் ஒரு 230 வோல்ட் வால்வு ஓயாமல் ரீங்கரித்தது. உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு முழுதாக மேலேறி உட்கார்ந்தால்தான் தூண்டல் கூடி மின்னோட்டம் இறங்கும். பிரித்துப் பார்த்தால், குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பின் துணுக்கு ஒன்று தண்டை வழிமறித்திருந்தது, நகக்கண் அளவுதான்.

அதைவிடப் பெரிய கூத்து, மின்சாரத்தை நிறுத்தாமல் காயிலை மட்டும் உருவித் தரையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனது. நடுவே இரும்பு இல்லாத காயில் தாங்குமா? திரும்பி வருவதற்குள் அதன் பிளாஸ்டிக் உடல் உப்பி வெடித்திருந்தது. மேற்பார்வையாளரிடம், “பழைய காயில் அண்ணே, அதுவாகப் போய்விட்டது” என்று சொல்லிவிட்டேன்.