மறு: பார்சர் – பாகுபடுத்தியா, பகுப்பியா?

அனைவருக்கும் வணக்கம்.

வலைச் சேவைகளின் ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேசும் இடைமுகம்) ஆவணக் கோப்புகளைப் படிக்கும் நிரலகத்துக்குத் தமிழில் கையேடு எழுதுகிறோமே, அதில் பார்சர் (எழுத்தாக உள்ள தரவைப் படித்து அதன் அமைப்பைக் கண்டறியும் நிரல்) வரும் இடமெல்லாம் இப்போது 'பாகுபடுத்தி' என்று இருக்கிறது. அதை மாற்ற வேண்டாம் என்று வந்த மடல்:

> பழைய பட்டியல்களில் பாகுபடுத்தி என்றே இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து ஏன் குழப்ப வேண்டும்?

நியாயமான கேள்விதான். ஆனாலும் 'பகுப்பி' என்று மாற்றிவிடலாம் என்பதே என் கருத்து. பாகுபாடு என்றதும் இன்றைக்குச் சாதிப் பாகுபாடு, பாலினப் பாகுபாடுதான் நினைவுக்கு வருகின்றன. 'நிரல் தரவைப் பாகுபடுத்துகிறது' என்று முதன்முறை படிக்கும் மாணவர் என்ன நினைப்பார்? நீளமும் ஒரு தொல்லை. பிழைச்செய்தி ஒரு வரிக்குள் அடங்க வேண்டும். 'கோப்பைப் பகுக்க முடியவில்லை' என்றால் அடங்கிவிடுகிறது.

பகு என்ற வேரை நான் விடாமல் பிடித்துக்கொள்வதற்குப் பெரிய காரணம் பகுபத உறுப்பிலக்கணம். நடந்தனன் = நட + த்(ந்) + த் + அன் + அன் என்று வெட்டிவைத்தால் மட்டும் ஆசிரியர் மதிப்பெண் போடுவதில்லை. நட பகுதி, முதல் த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இறந்தகால இடைநிலை, முதல் அன் சாரியை, கடைசி அன் விகுதி என்று ஒவ்வொன்றின் வேலையையும் எழுத வேண்டும். இரண்டு அன்னும் எழுத்தில் ஒன்றுதான். நிற்கும் இடம்தான் வேலையைத் தீர்மானிக்கிறது.

ஏபிஐயை விவரிப்பதற்கான ஓப்பன்ஏபிஐ வரையறைப்படி எழுதிய கோப்பிலும் அப்படியே. 'டிஸ்கிரிப்ஷன்' என்ற திறவுச்சொல் 'இன்ஃபோ'வின் கீழ் வந்தால் முழுச் சேவைக்குமான விளக்கம். ஒரு மறுமொழியின் கீழ் வந்தால் அந்த மறுமொழிக்கு மட்டுமான விளக்கம். அதே சொல் 'ப்ராப்பர்டீஸ்' என்பதன் கீழ் வந்தாலோ அது விளக்கமே அல்ல, தரவில் உள்ள ஒரு புலத்தின் பெயர். இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதுதான் பகுப்பியின் வேலை. அதனால்தான் இன்னொருவர் சொன்ன 'பிரிப்பான்' எனக்குப் போதவில்லை. காற்புள்ளி கண்ட இடத்தில் வெட்டுவது பிரிப்பான்.

> பகுப்பி என்றால் பகுப்பாய்வுக் கருவி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

ஆய்வு என்ற பாதி அதில் இல்லையே. அனலைசருக்குப் பகுப்பாய்வி இருக்கட்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தாலும் படிப்பவருக்குக் குழப்பம் வராது.

சரி, இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பார்ஸ் என்று பேச்சுவழக்கில் சொல்லும்போது நான்கைந்து வேலைகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். ஜாவாஸ்கிரிப்டுக்கான ஸ்வாகர் பார்சர் நிரலகத்தைப் பாருங்கள்: பார்ஸ், ரிசால்வ், பண்டில், டீரெஃபரன்ஸ், வேலிடேட் எனத் தனித்தனிச் செயற்கூறுகள். பார்ஸ் மட்டும் அழைத்தால் கோப்பு பொருளாக மாறும், ஆனால் வேறிடத்தில் உள்ள வரையறையைக் காட்டும் 'டாலர் ரெஃப்' ($ref) எல்லாம் அப்படியே நிற்கும். தமிழிலும் ஐந்துக்கும் ஐந்து சொல் வேண்டும்.

ரெஃப் என்பதற்குச் 'சுட்டு' என்பது என் பரிந்துரை. சுட்டி ஏற்கெனவே மவுசுக்கும் பாயின்டருக்கும் போய்விட்டது. டீரெஃபரன்ஸ் என்பது 'சுட்டு விரித்தல்': சுட்டு இருந்த இடத்தில் அது காட்டும் பொருளையே கொண்டுவந்து வைப்பது. இதில் ஒரு சிக்கலான இடம் உண்டு. 'வகை' என்ற வரையறைக்குள் 'தாய்வகை' என்றொரு புலம், அது மறுபடி 'வகை'யையே சுட்டுகிறது என்று வையுங்கள். எழுத்தில் விரித்துக்கொண்டே போனால் முடிவே இல்லை. அங்கே 'சுழற்சுட்டு' என்ற சொல் தேவைப்படும். ரிசால்வ், அதாவது சுட்டு காட்டுவதைத் தேடிக் கண்டுபிடிப்பது, அதற்குச் 'சுட்டுத் தேடல்' போதும். வேலிடேட் சரிபார்த்தல்தான், அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது.

பகுத்தலையும் சரிபார்த்தலையும் பிரித்தே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கோப்புகளை யாமல் (YAML) வடிவில் எழுதி, பைத்தானில் பையாமல் (PyYAML) நிரலகத்தை வைத்துப் படிக்கும்போது, நாட்டுக் குறியீடுகளின் பட்டியலில் நார்வேக்கான 'நோ'வை (NO) மேற்கோள்குறி இல்லாமல் பெரிய எழுத்தில் எழுதினால் அது 'பொய்' என்ற மதிப்பாகிவிடும். பதிப்பு எண் 1.10 என்பது 1.1 ஆகிவிடும். இரண்டிலும் பகுத்தல் பிழையின்றி முடிந்துவிடும். பிழை பிறகு எங்கோ தலைகாட்டும். ஒரு புலம் வெற்றுமதிப்பை (null) ஏற்கலாம் என்று சொல்லும் 'நலபிள்' என்ற திறவுச்சொல்லும் அப்படித்தான்: ஓப்பன்ஏபிஐ 3.0-இல் செல்லும், 2021-இல் வந்த 3.1-இல் எடுத்துவிட்டார்கள். இரண்டையும் பகுப்பி ஒன்றுபோலவே பகுக்கும், சரிபார்ப்புதான் வேறுபடும்.

நிரலகப் பெயர்களைத் தொட வேண்டாம். 2016-இல் ஸ்வாகர் வரையறையின் பெயர் ஓப்பன்ஏபிஐ ஆன பிறகும் கருவிகள் பலவும் ஸ்வாகர் என்றே இருக்கின்றன. தேடுபவருக்கு அந்தப் பெயர்தான் கைகொடுக்கும்.

எஞ்சியது பண்டில். பல கோப்புகளில் கிடப்பதை ஒரே கோப்புக்குள் கொண்டுவந்து, வெளிச்சுட்டுகளை உட்சுட்டுகளாக்கும் வேலை. 'பொதி' என்றால் பேக்கேஜோடு மோதும். 'ஒன்றுசேர்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், ஆனால் மெர்ஜுக்கும் அதையே சிலர் எழுதுகிறார்கள். இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள், கையேட்டின் அந்த அத்தியாயத்தை அதுவரை வெளியிடாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்.