சூடானால் ஸ்டார்ட் ஆகாத 1966 முஸ்டாங் 289: பெட்ரோலா, கரண்டா?

டெட்ராய்ட்66

வணக்கம். வண்டி 1966 முஸ்டாங் கூப்பே. 289 வி8 இன்ஜின், இரண்டு பேரல் (இரண்டு காற்று வாய்) ஆட்டோலைட் 2100 கார்புரேட்டர், சி4 ஆட்டோமேட்டிக் கியர். கதவில் இருக்கும் தகட்டு எண் 6எஃப்07சி என்று தொடங்குகிறது. டியர்பார்ன் தொழிற்சாலையில் செய்த வண்டி, இன்னும் அந்த ஊர்ப் பக்கம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

காலையில் தொட்டால் எடுக்கும். பிரச்சினை சூட்டில்தான். உட்வர்ட் அவென்யூவில் அரை மணி நேரம் ஊர்ந்து போய், பெட்ரோல் போட நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. சில சமயம், போதும் என்று சாவியை விடுகிற நொடியில் ஒரு இருமல் இருமும், அபூர்வமாக அப்படியே பிடித்தும் கொள்ளும். ஒரு மணி நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது.

டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டுவதில்லை. பெட்ரோல் பம்ப், ஃபில்டர் இரண்டும் புதுசு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பொறிக்காகக் கரண்டை விட்டு விட்டு அறுக்கும் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கிறது, முன்பு வைத்திருந்தவர் போட்டது. பேட்டரி இந்த வருஷம் வாங்கியது.

இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்டில் பழைய கார்களின் ஊர்வலம், ட்ரீம் க்ரூஸ், வருகிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

ஃபீனிக்ஸ் வெயில்

வெயில் ஊரில் இருந்துகொண்டு 289 ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெட்ரோல் கொதிக்கிறது.

வண்டி ஓடும்போது ஃபேன் காற்று, ரேடியேட்டர் தண்ணீர், உள்ளே வரும் புதுப் பெட்ரோல் எல்லாம் கார்புரேட்டரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். அணைத்ததும் மூன்றும் நின்றுவிடும். இன்ஜின் பிளாக்கின் சூடு முழுக்க மேலே ஏறும். பத்து, இருபது நிமிடத்தில் கார்புரேட்டர்தான் அதிகம் சூடாக இருக்கும். கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்னத் தொட்டியில் பெட்ரோல் கொதித்து, நடுவில் உள்ள குழல் வழியாக மேனிஃபோல்டுக்குள் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் பாதை) சொட்டும். அப்புறம் எத்தனை சுற்றினாலும் ஈரப் பிளக்தான்.

உங்கள் வண்டியில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் கால 289 மேனிஃபோல்டில் கார்புரேட்டருக்கு நேர் கீழே சைலன்சர் புகை போக ஒரு பாதை விட்டிருப்பார்கள். போதாததற்கு கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் அலுமினிய ஸ்பேசரில் ஹீட்டர் ஹோஸ் தண்ணீர் ஓடும். மிச்சிகன் ஜனவரிக்கு அது வரம், ஜூலைக்கு சாபம். அந்த ஸ்பேசருக்குள் போகாதபடி ஹோஸைத் திருப்பி விட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். செலவே இல்லை.

இப்போது விற்கிற பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால். அது சேர்ந்தால் பெட்ரோல் இன்னும் எளிதில் ஆவியாகும். 1966இல் இந்தக் கார்புரேட்டரை வடிவமைத்தவர்கள் இதைக் கணக்கில் எடுத்திருக்க வாய்ப்பில்லை.

சூட்டில் எடுக்கவில்லை என்றால் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து அப்படியே வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விடாதீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் பீய்ச்சும்.

ஸ்காபரோ ஃபால்கன்

வணக்கம் தம்பி. என்னட்டை 64 ஃபால்கன் நிக்குது, உங்கட முஸ்டாங்குக்கு அது அக்கா முறை. பம்பில இருந்து கார்புரேட்டருக்குப் போற இரும்புக் குழாயில மரத்தால செய்த உடுப்புக் கிளிப் ஏழெட்டு கவ்வி விடுங்கோ. இங்க பழைய ஆக்கள் எல்லாரும் செய்யிறவை. எனக்கும் வேலை செய்தது.

சென்னை பொறியாளர் (இப்போது ஓஹாயோ)

மரம் சூட்டைக் கடத்தாது. எட்டு கிளிப் போட்டு அரை லிட்டர் பெட்ரோலைக் குளிர வைக்க முடியுமென்றால் ஏசி கம்பெனிகளை மூடிவிடலாம். கிளிப் மாட்டி முடிப்பதற்குள் இன்ஜின் ஆறியிருக்கும், அதுதான் வேலை செய்திருக்கும்.

என்னைக் கேட்டால் இந்த இரண்டு பேரலைத் தூக்கிவிட்டு மேனிஃபோல்டோடு சேர்த்து நான்கு பேரல் எடல்பிராக் கார்புரேட்டர் போடுங்கள். பவரும் கூடும்.

ஸ்காபரோ ஃபால்கன்

கிளிப் மாட்ட ஒரு நிமிசம் போதும். சிரிக்கிற ஆக்கள் சிரிக்கட்டும்.

கிரீஸ்கை

தம்பி, இனி ஒரு பொருளும் வாங்காதீங்க. பம்ப் மாத்தினீங்க, ஃபில்டர் மாத்தினீங்க, இப்போ கார்புரேட்டர் வரை வந்தாச்சு. வண்டி கெட்டு நிற்கிற அந்தப் பத்து நிமிடத்தில் யாருமே பானெட்டைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஆறின பிறகு ஒர்க்‌ஷாப்பில் எதைச் சோதித்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்த தடவை நிற்கும்போது இப்படிச் செய்யுங்கள். வீட்டு வாசலிலேயே சூடாக்கி நிறுத்தினால் நல்லது, பெட்ரோல் பங்கில் வேண்டாம். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். இன்ஜினைச் சுற்றாமல் கார்புரேட்டர் வாயை மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தால் ஃபீனிக்ஸ் நண்பர் சொன்னது சரி. சொட்டவில்லை என்றால் கையால் த்ராட்டிலை ஒரு முறை இழுங்கள். இரண்டு பக்கமும் கம்பி மாதிரி பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது. வெறும் காற்று வந்தால் பைப்பில் ஆவி அடைத்திருக்கிறது, கிளிப் அண்ணனுக்கு வேலை வரும்.

பெட்ரோல் பக்கம் ஒழுங்காக இருந்தால் உடனே கரண்டுக்கு வாருங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனை இன்ஜின் பிளாக்கில், சிவப்பு முனை காயிலின் (பொறிக்கு வோல்டேஜை ஏற்றித் தரும் சுருள்) பிளஸ்ஸில். வீட்டில் யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லி, செல்ஃப் சுற்றும்போது எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பேட்டரியிலும் அதே போல சுற்றும்போது பாருங்கள். இரண்டு எண்ணும் வேண்டும்.

எனக்கு ஏன் கரண்ட் மேல் சந்தேகம் என்றால், சாவியை விடுகிற நொடியில் இருமுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கொதித்த பெட்ரோலுக்கு சாவி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது.

டெட்ராய்ட்66

அண்ணா, நேற்று சாயங்காலம் பார்த்துவிட்டேன். மனைவி சாவியில், நான் பானெட்டுக்கு அடியில்.

கார்புரேட்டர் வாயில் ஒரு சொட்டுகூட விழவில்லை. த்ராட்டிலை இழுத்ததும் இரண்டு பக்கமும் நன்றாகப் பீய்ச்சியது.

செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் 9.7 வோல்ட். காயில் பிளஸ்ஸில் 5.9.

காலையில் ஆறின வண்டியிலும் எடுத்தேன்: பேட்டரி 10.6, காயில் 7.4. அதில் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

கிரீஸ்கை

சரி, வழி தெரிந்துவிட்டது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், உங்களுக்கு இல்லை என்றாலும் பின்னால் வந்து படிக்கிறவர்களுக்கு உதவும்.

இந்த வண்டிகளில் சாவியிலிருந்து காயிலுக்கு 12 வோல்ட் நேராகப் போகாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பிங்க் வயர் ஓடும். பார்க்க சாதாரண வயர்தான், ஆனால் அதற்கே சுமார் 1.4 ஓம் ரெசிஸ்டன்ஸ் உண்டு. ஓடும்போது காயிலுக்கு வோல்டேஜைக் குறைத்து, பாயிண்ட் கருகாமல் காப்பாற்றுவது அதன் வேலை. அதை வெட்டிவிட்டுச் சாதா வயர் போட்டு காயிலைச் சுட்டவர்கள் நிறையப் பேர்.

செல்ஃப் சுற்றும்போது பேட்டரியே பத்து வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அதில் இந்த வயரும் தன் பங்குக்குக் குறைத்தால் பொறி எங்கிருந்து வரும்? அதற்குத்தான் ஃபோர்டில் ஒரு குறுக்கு வழி வைத்தார்கள். பேட்டரிக்குப் பக்கத்தில், வலது மட்கார்டின் உள்பக்கம், செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான ஸ்டார்ட்டர் சோலினாய்டு இருக்கும். அதில் இரண்டு பெரிய போல்ட், இரண்டு சின்ன போல்ட். சின்னதில் ஒன்று எஸ், சாவியிலிருந்து வருவது. இன்னொன்று ஐ. சோலினாய்டு இழுத்திருக்கும் அந்தச் சில நொடிகள் மட்டும் ஐ முனையிலிருந்து பழுப்பு வயர் வழியாக பேட்டரி வோல்டேஜ் அப்படியே காயிலுக்குப் போகும். சாவியை விட்டதும் அது அறுந்து, பழையபடி பிங்க் வயர்.

அதாவது சுற்றும்போது பேட்டரியிலும் காயிலிலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். உங்களுக்கு நாலு வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. பழுப்பு வயரிலோ, அதன் முனையிலோ, சோலினாய்டுக்குள் இருக்கும் காண்டாக்டிலோ கோளாறு.

ஆறின வண்டி ஏன் எடுக்கிறது? சூட்டில் செல்ஃப் மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும், பேட்டரி இன்னும் இறங்கும். பாயிண்ட் இருந்திருந்தால் ஆறு வோல்ட்டிலும் ஏதோ ஒரு பொறி வந்து சமாளித்திருக்கும். எலக்ட்ரானிக் மாட்யூல் அப்படியில்லை, அதன் அளவுக்குக் கீழே போனால் ஒன்றுமே தராது. சாவியை விட்டதும் செல்ஃபின் சுமை போய் வோல்டேஜ் ஏறும், இன்ஜின் இன்னும் அரைச் சுற்று சுற்றிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் ஒரு பொறி. அதுதான் உங்கள் இருமல்.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஐ முனையைப் பாருங்கள்.

டெட்ராய்ட்66

பார்த்தேன். வெளியே நல்ல கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே வளையத்துக்கும் வயருக்கும் இடையில் பச்சைப் பொடி. லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது, நாலைந்து செப்பு இழைதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன.

பளிச்சென்று செம்பு தெரியும் இடம் வரை வயரை வெட்டி, புது வளையம் கிரிம்ப் செய்து மாட்டினேன். சூடாக்கி, பத்து நிமிடம் விட்டுச் சுற்றினேன். பேட்டரி 9.7, காயில் 8.6. முதல் சுற்றிலேயே பிடித்துவிட்டது!

இன்னும் ஒரு வோல்ட் இடிக்கிறதே, விடலாமா?

கிரீஸ்கை

விடாதீங்க. அது சோலினாய்டுக்குள் இருக்கும் காண்டாக்ட். பெரிய பணமில்லை, மாற்றிவிடுங்கள். வாங்கும்போது இரண்டு சின்ன போல்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பார்க்க அதே மாதிரி இருந்து ஐ முனை மட்டும் இல்லாமலும், அல்லது இரண்டாவது போல்ட் எர்த்துக்கு என்று வைத்தும் விற்கிறார்கள். அதை மாட்டினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இன்னொன்று. மாட்யூலின் சிவப்பு வயர் காயில் பிளஸ்ஸில்தானே மாட்டியிருக்கிறது? பெரும்பாலும் அப்படித்தான் மாட்டுவார்கள், இடம் வசதி. ஆனால் ஓடும்போதும் அதற்குக் குறைந்த வோல்டேஜ்தான் கிடைக்கும். காயில் பிங்க் வயரிலேயே இருக்கட்டும். மாட்யூலுக்கு மட்டும், பிங்க் வயர் தொடங்குவதற்கு முன்னால், சாவிக்குப் பின்னாலிருந்து ஃபியூஸ் போட்டு ஒரு தனிக் கம்பி இழுங்கள். சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்போதும் அந்த இடத்தில் வோல்டேஜ் வருகிறதா என்று மீட்டரில் பார்த்த பிறகு இழுங்கள்.

ஃபீனிக்ஸ் வெயில்

இந்த முறை கரண்ட்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஸ்பேசர் தண்ணீரைத் திருப்பிவிடுவது வீண் இல்லை. ட்ரீம் க்ரூஸ் அன்று உட்வர்டில் வண்டி ஓடாது, நகரும். அன்றைக்குப் பெட்ரோலும் கொதிக்கலாம்.

சென்னை பொறியாளர் (இப்போது ஓஹாயோ)

நான்கு பேரல் யோசனையை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

கிரீஸ்கை

அதை வைத்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்துக்கு ஆகும்.

தம்பி, க்ரூஸுக்குப் போகிறீர்கள் என்பதால் கேட்கிறேன். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் சக்கரங்களுக்கு பிரேக் ஆயிலைத் தள்ளுவது) 66இல் வந்ததேவா? அதில் ஒரே அறைதான். எந்தச் சக்கரத்தில் ஹோஸ் வெடித்தாலும் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும், ஹேண்ட் பிரேக் மட்டும்தான் மிச்சம். 67இலிருந்துதான் முஸ்டாங்குக்கு இரட்டை அறை வந்தது. முன் சக்கரம் டிரம்மா, டிஸ்க்கா?

டெட்ராய்ட்66

நாலும் டிரம், ஒற்றை அறை. ரப்பர் ஹோஸ் எப்போது மாற்றியது என்று தெரியாது, பழைய ரசீதுகளில் இல்லை.

கிரீஸ்கை

அப்போ சோலினாய்டு ஆர்டர் போடும்போதே மூன்று ஹோஸும் சேர்த்துப் போடுங்கள். முன்னால் இரண்டு, பின் ஆக்சிலுக்கு ஒன்று. க்ரூஸுக்கு முன் அது போதும். இரட்டை அறை மாற்றுவதை அவசரத்தில் செய்யக்கூடாது, பைப் வேலை இருக்கிறது. செப்டம்பரில் டிரம்மைக் கழற்றி சக்கர சிலிண்டர் கசிகிறதா என்று படம் எடுத்துப் போடுங்கள், அப்போது பேசுவோம்.