வாயு கொண்டுபோன எடை, வாயு கொடுத்த எடை: நீங்கள் பார்த்தது என்ன?

கானாடுகாத்தானிலிருந்து:
எங்கள் பழைய வீட்டில் வளவுப் பக்கச் சுவர் பூச்சு உதிர்ந்ததால், முன்பு போலவே சுண்ணாம்பு வைத்துப் பூசச் சொன்னோம். வந்த கொத்தனார் அண்ணன், "கிளிஞ்சல் காளவாயில் வெந்து வந்தா உருவம் அப்படியே இருக்கும், கையில எடுத்தா பாதிக் கனம்தான்" என்றார். கணக்கும் ஏறக்குறைய அதுதான். கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது 100 கிலோ முழுக்க வெந்தால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் கலந்துவிடும். தண்ணீர் விட்டுத் தாளிக்கும்போது, அதாவது நீற்றும்போது, 18 கிலோ தண்ணீர் அதோடு சேர்ந்து 74 கிலோ ஆகும். சூட்டில் ஆவியாகிற தண்ணீர் தனிக் கணக்கு.

அதற்கு அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடிக்கும். சுவரில் ஏறிய பூச்சு காற்றிலிருந்து 44 கிலோ கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி, அந்த 18 கிலோ தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடி 100 கிலோ கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. மேற்பரப்பு சீக்கிரம் மாறும். உள்ளே போகப் போக வருடக்கணக்காகும். பூச்சில் கலக்கிற கடுக்காய், பனைவெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று எல்லோரும் பேசுகிறோம். சுவரைக் கல்லாக்குகிற காற்றை யாரும் சொல்வதில்லையே என்று எனக்கு ஆதங்கம்.

காரைக்குடி, பள்ளி ஆசிரியை:
அருமை அண்ணே. என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பாட்டிலில் வினிகர், அதன் வாயில் மாட்டிய பலூனுக்குள் 4.2 கிராம் சமையல் சோடா. பலூனைத் தூக்கிக் கொட்டினால் 2.2 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். எதுவும் வெளியே போகாததால் எடை மாறாது என்று பிள்ளைகள் உறுதியாக இருந்தார்கள். தராசோ ஒரு கிராமுக்கு மேல் குறைத்துக் காட்டியது! கசிவோ என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம், ஒரு குமிழிகூட இல்லை.

உப்பிய பலூன் ஒரு லிட்டருக்கு மேல் வெளிக்காற்றைத் தள்ளி இடம் பிடித்திருக்கிறது. ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். தண்ணீரில் அமுக்கிய குடத்தைத் தண்ணீர் மேலே தள்ளுவது போல, அந்த அளவுக்குக் காற்று பலூனை மேலே தூக்கும். உள்ளே பொருள் குறையவில்லை, தராசின் எண்தான் குறைந்தது. பாடத்திட்டத்தில் இதையும் சேர்க்க வேண்டும் என்பேன். நன்றாகக் கவனிக்கிற பிள்ளைதான் இங்கே குழம்பும்.

பிறகு ஒரு லிட்டர் சோடா பாட்டிலில் வினிகர் ஊற்றி, ஒரு கிராமுக்கும் குறைவான சமையல் சோடாவைக் காகிதத்தில் மடித்துப் போட்டு மூடியை இறுக்கினோம். எண் அசையவில்லை. மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று இறங்கியது. அளவைக் கூட்டாதீர்கள், பாட்டில் வெடிக்கும்.

தேவகோட்டை:
எடை ஏறுவதும் உண்டு அக்கா. மெல்லிய இரும்பு நாரைக் கொளுத்தினால் ஆக்சிஜன் சேர்ந்து கனம் கூடும். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1774 வாக்கில் மூடிய கலத்தில் வெள்ளீயத்தைச் சூடாக்கியபோது மொத்த எடை மாறவில்லை. திறந்து காற்று உள்ளே புகுந்த பிறகுதான் கூடியது. இரும்பு நாரைச் செய்து பார்ப்பவர்கள் அடியில் தட்டு வைத்து, தட்டோடு சேர்த்தே நிறுங்கள். கறுத்த தூள் வெளியே உதிர்ந்தால் கணக்கு தப்பிவிடும்.