பாதியில் நின்ற கதையின் பாத்திரங்களை என்ன செய்வது?

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பில் நாங்கள் சில பேர் டிஸ்கோர்ட் அரட்டைச் செயலியில் ஆளுக்கொரு பாத்திரமாகச் சேர்ந்து கதை எழுதி வந்தோம். களம் 1638. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர், போர்த்துக்கேயரிடமிருந்து நம்ம கோட்டையைப் பிடித்த ஆண்டு. கதையை நடத்தியவருக்கு ஏ.எல் (உயர்தர) பரீட்சை. முற்றுகை தொடங்க முன்னமே எல்லாம் நின்றுவிட்டது.

என் ஆள் வாவியில் தோணி ஓட்டுபவன், இரு பக்கத்துக்கும் சேதி விற்கிற வாய்க்காரன். அவனை அப்படியே விட மனமில்லை. வேறு குழுவில் இறக்கலாம் என்றால், அவனுடைய பாதி வாழ்க்கை மற்றவர்கள் எழுதியது. அவனுடைய அக்கா எங்களில் ஒருவரின் பாத்திரம், அவனுக்குக் கடன் கொடுத்த கோட்டைக் காவலன் இன்னொருவருடையது. காவலன் தொலைந்தால் அவனுக்குச் சந்தோசம்தான். ஆனால் அக்கா இல்லாமல் அவன் அவனாகவே இருக்கமாட்டான். அவளுக்கு வேறு பெயர் வைத்துக் கொண்டுபோனால் போதுமா, எழுதியவரிடம் கட்டாயம் கேட்க வேண்டுமா?

தனியே ஒரு முடிவு எழுதவும் யோசனை இருக்கு. அப்புறம் பரீட்சை முடிந்து கதை திரும்பத் தொடங்கினால் அது இடைஞ்சலாகுமோ தெரியவில்லை.

இப்படிப் பாத்திரத்தை இடம் மாற்றியவர்கள் இருந்தால், கூட எழுதியவர்களோடு எப்படிக் கதைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.