தாத்தா செருப்பைக் காப்பாத்த யாராவது வழி சொல்லுங்க

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம், நான் தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வர்த்ல இருந்து எழுதுறேன். அம்மாவோட பழைய டிரங்குப் பெட்டியில தாத்தா போட்ட தோல் செருப்பு ஒரு ஜோடி கிடைச்சுது, வார் வெடிச்சிருக்கு, அடியில வெள்ளையா பூஞ்சை, ஆனா கட்டைவிரல் பதிஞ்ச குழி இன்னும் அப்படியே இருக்குங்க, அதுல கை வச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு.

காந்தி இங்க ஜெயில்ல தச்ச செருப்பை 1914ல தென்னாப்பிரிக்க மந்திரியா இருந்த ஸ்மட்ஸுக்குக் குடுத்தாரு, அவரு அதை நிறைய வருஷம் போட்டுட்டு 1939ல திருப்பி அனுப்பினாரு. அந்தச் செருப்புத் தைக்கிற தொழிலை காந்தியோட நண்பர் காலன்பாக் கத்துக்கிட்டது நம்ம பக்கத்துல மரியான்ஹில் கிறிஸ்தவ மடத்துலதான், அவருகிட்டருந்துதான் காந்தி கத்துக்கிட்டாரு! மதுரை காந்தி மியூசியத்துல அவரு கடைசியா உடுத்தின ரத்தக்கறை துணியைக்கூட கண்ணாடிக்குள்ள வச்சிருக்காங்க. எங்க தாத்தா பேரு யாருக்கும் தெரியாதுதான், ஆனா எங்களுக்கு அவரு பெரிய ஆளு.

பக்கத்து வீட்டு ஆயா தேங்காய்எண்ணெய் தடவச் சொல்றாங்க, எனக்கு பயமா இருக்கு. மியூசியத்துல வேலை பாத்தவங்க, பழைய தோல் சாமான் பாத்து பழகினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, பூஞ்சையை எப்படி எடுக்கணும், இந்த டர்பன் ஈரக்காத்துல எதுல சுத்தி வைக்கணும்? இப்போதைக்கு வெள்ளைப் பருத்தித் துணி விரிச்சு நிழல்ல வச்சிருக்கேன்.