ஒரே மயில், ஒரே தாமரை: டிசைன்ல மனசு மரத்துப்போனா என்ன செய்வீங்கள்?

உவர்மலைக்காரி:
திருகோணமலை டவுனில ஒரு பிரின்டிங் கடையில அஞ்சு வருசமா டிசைன் செய்யிறன். கலியாணக் காட், சாமத்தியவீட்டு பனர், கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, கல்வெட்டு (செத்தவையின்ர நினைவுக்கு அச்சடிக்கிற புத்தகம்) எல்லாம் என்ர மேசையாலதான் போகும். போன கிழமை ஒரே நாளில மூண்டு சாமத்தியவீட்டு பனர். மூண்டிலயும் அதே மயில், அதே பிங்க், பிள்ளையின்ர முகம் மட்டும் வேற. கடைசியில பாத்தா மூண்டாவது பனரில முதல் பிள்ளையின்ர பேர் கிடக்குது! நல்ல காலம், பிரின்டுக்குப் போகேல்ல.

வாற ஆக்கள் வாட்ஸ்அப்பில ஒரு படத்தைக் காட்டி "இதைப் போலவே" எண்டுவினம். பின்டரெஸ்ட் திறந்தா ரெண்டு மணித்தியாலம் போயிரும், முடிவில அதே மயில்தான் வரும். கொஞ்சம் காத்து வாங்கிட்டு வா எண்டு அம்மா சொன்னா. கடற்கரையில போய் இருந்தும் பாத்தன், கச்சான் திண்டதுதான் மிச்சம்.

இப்ப நிலாவெளிப் பக்கம் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுசுக்கு லோகோ கேட்டிருக்கினம். பேரில "அலை" எண்டு வரும். முதல் தரமா ஒருத்தர் "உங்கட விருப்பத்துக்குச் செய்யுங்கோ" எண்டிட்டார், நான் மூண்டு நாளா வெள்ளைத் திரையைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். கோணேசர் மலை, கோட்டை மான், பனை எல்லாம் கீறி அழிச்சாச்சு. நீங்கள் எல்லாம் எங்கயிருந்து எடுக்கிறீங்கள்?

கிண்ணியா பிரின்ட்:
சிஸ்டர், ஐடியா பத்தி மத்தவங்க சொல்லட்டும், நான் நிறத்தப் பத்தி மட்டும் சொல்றன். கடல் நீலம் போடுவீங்க எண்டு தெரியும். தொடங்கக்குள்ளயே சி.எம்.வை.கே.ல, அதாவது அச்சு மை நிறங்களான சயன், மஜென்டா, மஞ்சள், கறுப்புல, வேலை செய்யுங்க. திரையில நிலாவெளித் தண்ணி மாதிரி மினுங்கின நீலம் தாள்ல ஊதாவா வந்து, எனக்கு ஐநூறு காட் திரும்பி வந்திருக்கு. சயன் 100 எண்டா மஜென்டாவ 60க்கு மேல விடாதீங்க. பச்சையோடின நீலம் வேணுமெண்டா மஜென்டாவ எடுத்தே விட்டுட்டு மஞ்சள் கொஞ்சம் போடுங்க.

சம்பள நாள்:
அஞ்சு வருசத்தில சம்பளம் கூட்டினவங்களா? மனசு மரத்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்.

பழைய பிரஷ்:
தங்கச்சி, நான் போர்ட் எழுதின ஆள். பனர் மிஷின் வந்ததோட தொழிலும் போச்சு, ஏணியையும் வித்திட்டன்.

கற்பனை வருதா வரேல்லையா எண்டு யோசிக்க எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. கடைக்காரர் வாங்கித் தந்த ரெண்டு டின் பெயின்ட் இருக்கும், சிவப்பும் மஞ்சளும். பலகை எட்டடி, பேர் பதினாலு எழுத்து. சோக் நூல் அடிச்சு இடம் பிரிச்சா கடைசி எழுத்துக்கு இடம் காணாது. அப்ப "கு"வின்ர வாலை அடுத்த எழுத்துக்குக் கீழால இழுத்து விடுவம். சனம் நிண்டு பாத்து வடிவெண்டு சொல்லும். இடம் காணாமச் செய்த கள்ளம் எண்டு எங்களுக்குத்தான் தெரியும். உனக்கு ஒரு கோடி நிறம் கிடக்கு, எவ்வளவு பெரிய பலகையும் கிடக்கு, அதுதான் கரைச்சல். ஒரு நிறத்துக்கு மேல தொடுறதில்லை எண்டு நீயே முடிவெடு.

மற்றது, மலையையும் மானையும் விட்டிட்டு எழுத்தைப் பார். "அலை"யின்ர கடைசி எழுத்து லை. 1978இல தமிழ்நாட்டில எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதுக்கு முந்தின அச்சில ணை, லை, ளை, னை நாலுக்கும் இப்ப இருக்கிற இரட்டைச் சுழி இல்லை. எழுத்தோட ஒட்டி, யானை தும்பிக்கை தூக்கின மாதிரி ஒரு வளைவு வரும். நான் அப்பிடித்தான் எழுதப் பழகினன். இப்பத்தை ஃபொன்ட் அநேகமானதில அது இல்லை, கையாலதான் கீற வேணும். வீட்டில பழைய கலியாணக் காட் இருந்தா எடுத்துப் பார். பென்சிலால இருபது தரம் எழுது, அதுவரைக்கும் மவுசைத் தொடாத.

உவர்மலைக்காரி:
ரெண்டு கிழமைக்குப் பிறகு வாறன், குறை நினைக்காதீங்கோ. அம்மம்மாவின்ர ட்ரங்குப் பெட்டிக்குள்ள பூட்டனாற்ற கல்வெட்டு கிடந்தது, 1961ஆம் ஆண்டு அச்சடிச்சது. அட்டையில "திருகோணமலை". நான் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் டைப் பண்ணுற பேர், தும்பிக்கையோட பாக்க வேற ஊர் மாதிரி இருந்தது. பதினாலாவது தரம் எழுதேக்க வளைவு கொஞ்சம் கூட எழும்பி, "ல"வுக்கு மேலால வந்து விழுந்தது. அலையேதான்! அதை ஸ்கான் பண்ணி பென் டூலால இழுத்தன். ஒரே நீலம், சயன் 100, மஜென்டா 45. கிண்ணியாத் தம்பிக்கு நன்றி, தாள்லயும் நீலமாவே வந்தது. சம்பள நாளுக்கு: இல்லை, கூட்டேல்ல.

கெஸ்ட் ஹவுஸ்காரர் பாத்திட்டு "வடிவா இருக்கு, ஆனா எழுத்துப் பிழை போல கிடக்கே" எண்டார். பக்கத்தில இருந்த அவற்ற அப்பா கண்ணாடியைப் போட்டுப் பாத்திட்டு, "டேய், நாங்கள் படிச்ச லை இதுதான்ரா" எண்டார். கடைசியில நோட்டீசுக்குப் புது லை, வாசல் போர்டுக்குப் பழசு எண்டு முடிவாச்சு.

பழைய பிரஷ் அண்ணா, அந்த போர்டைக் கையால எழுத ஆள் கேக்கினம். ஏணியை உண்மையாவே வித்திட்டீங்களா?